ஆய்வுக்குக் கிடைத்த அவகாசம்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு தனியார் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் நிதித் திட்டமிடலைக் கவனித்து வந்தவன் நான். முதலீட்டு விதிகள் தளரும்போது எவ்வளவு பணம் வருகிறது என்பதைவிட, வந்த பணம் எவ்வளவு காலம் பொறுத்திருக்கும் என்பதே புத்தாக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கத்தில் எங்கள் ஆய்வுகள் வங்கிக் கடனை நம்பியே நடந்தன. தவணை மாதந்தோறும் வந்துவிடும். ஆய்வின் முடிவு அப்படி வருவதில்லை. ஆகவே, ஏற்கெனவே விற்பனையாகும் பொருளில் சிறு திருத்தங்கள் செய்யும் திட்டங்களே ஒப்புதல் பெற்றன. முதலீட்டு நிதியம் ஒன்று பங்குதாரராக வந்த பிறகு கூட்டங்களின் போக்கே மாறியது. மாதிரி தோல்வியுற்றபோதும், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம், அடுத்த சோதனை எதைத் தெளிவுபடுத்தும் என்று கேட்டார்கள்.

இத்தகைய நிதியங்கள் வளர்ந்ததற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு விதித் தளர்வு முக்கியக் காரணம். அங்கு 1974-இல் வந்த ஓய்வூதியச் சட்டம் நிதி மேலாளர்கள் விவேகத்துடன் முதலிட வேண்டும் என்றது; ஒரு முதலீடு நட்டமானாலும் தாங்களே பொறுப்பாக நேருமோ என்று அஞ்சி, அவர்கள் இளம் நிறுவனங்களைத் தவிர்த்தனர். முதலீட்டுத் தொகுப்பை முழுமையாகக் கருதியே விவேகம் மதிப்பிடப்படும் என்று 1979-இல் தொழிலாளர் துறை தெளிவுபடுத்தியதும், ஓய்வூதியப் பணம், நட்ட அபாயத்தை ஏற்று இளம் நிறுவனங்களில் பணமிடும் துணிகர முதலீட்டின் பக்கம் திரும்பியது. பல பத்தாண்டுகள் கழித்துக் கொடுக்க வேண்டிய பணம் என்பதால், அதனால் காத்திருக்க முடிந்தது.

2012-இல் அதே நாட்டில், ஒரு நிறுவனம் தன் நிதிநிலையைப் பொதுவில் வெளியிட வேண்டிய அறிக்கைக் கடமை தொடங்கும் பங்குதாரர் எண்ணிக்கை வரம்பு 500-லிருந்து, சில நிபந்தனைகளுடன், 2,000 ஆக உயர்த்தப்பட்டது. ஊழியர்கள் ஊதியமாகப் பெற்ற பங்குகளும் அக்கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. காலாண்டு முடிவுகளின் நெருக்கடியின்றி ஆய்வைத் தொடர இது உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிக்கைக் கடமை தள்ளிப்போகும்போது, குறைந்த ஊதியத்துக்கு உடன்பட்டுப் பங்குகளை ஏற்ற ஆய்வாளருக்குத் தன் உழைப்பின் மதிப்பை அறியும் வழியும் அடைபடுகிறது. யார் முதலிடலாம் என்ற வரம்பைத் தளர்த்துவதை நான் வரவேற்கிறேன். தணிக்கை செய்த கணக்கைப் பங்கு வைத்திருக்கும் ஊழியருக்குக் காட்டும் கடமையை மட்டும் எந்தத் தளர்விலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.