வைரஸ் பரிசோதனையில் உரைகல்லைச் சோதிப்பது யார்?

மூக்குத் துவாரத்துக்கும் காதுக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு ஆழத்துக்கு உள்ளே செலுத்தப்படும் நீண்ட குச்சிதான் சுவாச வைரஸ் பரிசோதனையின் அடையாளமாகப் பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. அதைச் செலுத்தப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். நோயாளி தும்மினாலோ இருமினாலோ தொற்றாமலிருக்க அவருக்குக் கவச உடையும் வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவற்றோடு அந்தக் குச்சிக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. முன்னணித் தயாரிப்பாளர்களில் ஒன்றான கோபான் நிறுவனம், ஐரோப்பாவில் கொரோனா தொற்று முதலில் கடுமையாகத் தாக்கிய இத்தாலியின் லோம்பார்டிப் பகுதியிலேயே அமைந்திருந்தது.

நோயாளி தாமே எடுத்துத் தரும் மாதிரிகள் மீது கவனம் திரும்பியதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். ஹாங்காங்கில் காலையில் பல் துலக்குவதற்கு முன் தொண்டையின் ஆழத்திலிருந்து காறி எடுக்கும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புநீரை வாயில் அலசி, கொப்பளித்து, குப்பியில் துப்பும் முறையைக் கொண்டுவந்தது. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கொப்பளிப்பு முறைக்கு 2021 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஒப்புதல் அளித்தது.

இவையெல்லாம் ஆழ்மூக்குக் குச்சிக்கு ஈடாகுமா என்பதே வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. எனக்கோ அந்தக் கேள்வி அமைக்கப்படும் விதத்திலேயே ஒரு குறை தெரிகிறது. குச்சி மாதிரியை உரைகல்லாக வைத்துக்கொண்டால், குச்சியில் தென்படாத வைரஸ் உமிழ்நீரில் தென்படும்போது அது உமிழ்நீரின் பிழையாகவே கணக்கில் ஏறும். ஆக, உரைகல்லை விஞ்சும் வாய்ப்பே போட்டியாளருக்கு வழங்கப்படுவதில்லை. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மருத்துவமனையில் இருந்த 70 கொரோனா நோயாளிகளிடம் இரு மாதிரிகளையும் எடுத்தபோது, நோய் உறுதியான முதல் ஐந்து நாள்களில் உமிழ்நீர் மாதிரிகளில் 81 விழுக்காடும் குச்சி மாதிரிகளில் 71 விழுக்காடும் வைரஸைக் காட்டின. அவர்கள் அனைவரும் முன்பே குச்சிச் சோதனையால் தொற்று உறுதியானவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த எண்கள் இன்னும் கூர்மையாகத் தெரியும்: தேர்வே குச்சிக்குச் சாதகமாக இருந்தும் உமிழ்நீர் பின்தங்கவில்லை.

இதனால் உமிழ்நீர் எங்கும் எப்போதும் சிறந்தது என்றாகிவிடாது. அது பிசுபிசுப்பானது, ஆய்வகக் குழாயில் சீராக உறிஞ்ச வராது. அதனால்தான், 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி பெற்ற சலைவாடைரக்ட் முறையில், புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதியைச் சேர்த்து உமிழ்நீரைச் சூடாக்குகிறார்கள். சற்று முன்பு உண்டதும் குடித்ததும் மாதிரியைக் கெடுக்கக்கூடும். நீர்ச்சத்து குறைந்த நோயாளிக்கும், சொன்னபடி துப்பத் தெரியாத குழந்தைக்கும் போதுமான உமிழ்நீரைச் சேர்ப்பதே பெரும்பாடு. கொரோனா வைரஸுக்குக் கிடைத்த முடிவுகளை இன்ஃபுளுவென்சாவுக்கும், ஆர்.எஸ்.வி. என்ற மற்றொரு சுவாச வைரஸுக்கும் அப்படியே பொருத்திவிடவும் கூடாது. ஒவ்வொரு வைரஸும் எந்தத் திசுவில், எந்த நாளில் மிகுதியாகப் பெருகுகிறது என்பது வேறுபடும்.

தாமே எடுத்தால் தவறாக எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம், மூக்கின் முன்பகுதி மாதிரியைப் பொறுத்தவரை மிகையானது என்றே கருதுகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020இல் நடந்த ஓர் ஆய்வில், பணியாளர் எடுத்த ஆழ்மூக்கு மாதிரியில் தொற்று தெரிந்தவர்களில் 94 விழுக்காட்டினரிடம், நோயாளிகள் தாமே எடுத்த முன்மூக்கு மாதிரிகளும் தொற்றைக் கண்டுபிடித்தன. மேலும், வைரஸின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பல பி.சி.ஆர். சோதனைகள் வைரஸோடு ஆர்.என்.ஏஸ்-பி என்ற மனித மரபணுவையும் தேடுகின்றன. அது அகப்படாவிட்டால் மாதிரி சரியாக எடுக்கப்படவில்லை என்று கொண்டு, மீண்டும் கேட்கலாம்.

வைரஸின் புரதத்தைக் கண்டறிய வீட்டில் பயன்படுத்தும் ஆன்டிஜென் பட்டைகளில் இந்தக் காவல் பொதுவாக இல்லை. அவற்றின் கட்டுப்பாட்டுக் கோடு, திரவம் பட்டையில் சரியாக ஓடியதா என்பதை மட்டுமே சொல்லும். குச்சி மூக்கைத் தொட்டதா என்பதை அது அறியாது. மூக்கு மாதிரிக்கென்று சரிபார்க்கப்பட்ட பட்டையில் உமிழ்நீரைச் சொட்டினாலும் அந்தக் கோடு தோன்றக்கூடும், ஆனால் கிடைக்கும் முடிவுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.