டிரைவர் இல்லாத சாதனம் தூங்காது: கெர்னல் கட்டிய அனுபவம்

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை நமக்கு வேண்டியபடி நாமே கட்டிக்கொண்டால் மடிக்கணினியின் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும் என்று பலரும் சொல்வதுண்டு. சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் தேவையில்லாதவற்றை நீக்கினால் கெர்னல் சிறுத்துவிடும், சிறுத்தால் மின்செலவும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஐ5-8250யூ செயலி கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வழங்கலை நிறுவி, அதற்கென்று 6.1 கெர்னலைக் கட்டி முடித்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இதற்கு நேர் எதிர். சாதனத்தைத் தூங்க வைப்பது டிரைவரின் வேலை. டிரைவரை நீக்கினால் சாதனம் விழித்தபடியே கிடக்கும். செயலியையும் ஆழ்ந்து தூங்க விடாது. இதை நான் எப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்குச் சில இரவுகளாவது மிச்சமாகும்.

முதலில் அளவுகோல். பேட்டரியிலிருந்து எவ்வளவு வாட் போகிறது என்பதை 'பவர்டாப்' காட்டும். 'சிஸ்' கோப்பகத்தில் பேட்டரிக்கான பகுதியைத் திறந்து நேரடியாகவும் படிக்கலாம். ஆனால் வாட் எண் மட்டும் போதாது. அது கூடியிருந்தால் ஏன் கூடியது என்று சொல்லாது. எனக்கு மிகவும் உதவியது 'டர்போஸ்டாட்'. கெர்னல் மூலநிரலோடே வரும் கருவி. 'டூல்ஸ்' அடைவுக்குள் 'பவர்' பகுதியில் இருக்கிறது. செயலியின் தூக்க நிலைகளை அது சதவீதமாகக் காட்டும். ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தூங்குவது ஒரு நிலை. கோர்கள் அனைத்தும் தூங்கிய பின் சிப் முழுவதும் சேர்ந்து தூங்குவது அடுத்த நிலை. பிசி2, பிசி3, பிசி6, பிசி7, பிசி8 என்று எண் கூடக் கூடத் தூக்கம் ஆழமாகும். இந்த இரண்டாவது வகைதான் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. சிப்பில் தொங்கும் ஏதாவது ஒரு பி.சி.ஐ. சாதனம் (கணினியின் உள் இணைப்பு வழியே செயலியோடு பேசும் சாதனம்) அந்த இணைப்பை விழிப்பிலேயே வைத்திருந்தால் போதும், எல்லாக் கோர்களும் தூங்கினாலும் சிப் ஆழத்துக்குப் போகாது.

டெபியனின் சொந்தக் கெர்னலில், திரையை மங்கலாக்கி எதுவும் செய்யாமல் விட்டபோது, பெரும்பாலான நேரம் பிசி8 தெரிந்தது. பேட்டரியிலிருந்து சுமார் நான்கு வாட் போனது. இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். கூடவே 'எல்.எஸ்.பி.சி.ஐ.' கட்டளையை 'கே' விருப்பத்தோடு ஓட்டி, எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்ற பட்டியலையும் சேமித்தேன். கட்டும் வேலையில் எனக்குப் பிறகு மிகவும் கைகொடுத்தது இந்தப் பட்டியல்தான்.

டெபியனின் அமைப்புக் கோப்பை எடுத்து, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தேன். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலோடு சேரும் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும் அருமையான வசதி இது. அந்த நேரத்தில் ஏறியிருப்பவை மட்டும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் கட்டளை கொடுக்கும் முன்பே பென்டிரைவைச் செருகி உள்ளிருப்பதைத் திறந்து பார்த்தேன், கேமராவை ஓடவிட்டேன், புளூடூத் ஹெட்செட்டை இணைத்தேன், வெளித்திரையை மாட்டினேன், கைபேசியின் இணையத்தை யு.எஸ்.பி. வழியாக எடுத்தேன். கணினி எழத் தேவையான கோப்புகள் இருக்கும் எஃபி பகுதியை ஏற்ற, வி.ஃபேட் கோப்பு முறைமையோடு எழுத்துக்குறி மாட்யூல்களும் வேண்டும். அவை விட்டுப்போனால் 'பூட்' அடைவுக்குள் இருக்கும் அந்தப் பகுதி ஏறாது, அடுத்த பூட்லோடர் புதுப்பிப்பு அங்கேயே நிற்கும். பிழைதிருத்தத் தகவலையும் அணைத்துவிட்டேன். கட்டும் நேரமும் வட்டில் பிடிக்கும் இடமும் வெகுவாகக் குறைந்தன.

பிறகு 'மேக் மெனுகான்ஃபிக்'. 'பவர் மேனேஜ்மென்ட் அண்ட் ஏ.சி.பி.ஐ. ஆப்ஷன்ஸ்' (ஏ.சி.பி.ஐ. என்பது மின்சிக்கனப் பொறுப்பை இயங்குதளத்திடம் தரும் முறை) என்ற பட்டிக்குள் நுழைந்தால் முதலில் மிரட்சியாக இருக்கும். ஒவ்வொரு விருப்பத்துக்கும் கீழே உள்ள விளக்கத்தைப் பொறுமையாகப் படிப்பதே வழி. 'தெரியாவிட்டால் ஒய் சொல்', 'தெரியாவிட்டால் என் சொல்' என்று முடியும் அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முன்பின் அறியாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

செயலிக்கான பகுதியில் செய்ய வேண்டியது அதிகமில்லை. இந்தத் தலைமுறைச் செயலியில் வேகத்தைப் பெரும்பாலும் வன்பொருளே தீர்மானிக்கிறது. 'இன்டெல் பி-ஸ்டேட்' டிரைவர் அதற்கு விருப்பத்தை மட்டும் சொல்கிறது. இங்கே 'பவர்சேவ்' என்ற கவர்னரை (வேகத்தைத் தேர்வு செய்யும் விதியை) பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பொதுவான டிரைவரில் அந்தப் பெயருக்கு எப்போதும் குறைந்த வேகம் என்று பொருள். இந்த டிரைவரில் அப்படியில்லை, தேவைக்கேற்ப வேகம் ஏறி இறங்கும். சும்மா இருக்கும் கோருக்கு டைமர் துடிப்பு வராமல் நிறுத்தும் 'டிக்லெஸ்' வசதி 2007-இல் வந்த 2.6.21 முதலே கெர்னலில் இருக்கிறது. அதை இயக்கத்தில் விட்டால் போதும். நொடிக்கு 250 துடிப்பா 1000 துடிப்பா என்ற விவாதத்துக்குச் சும்மா இருக்கும் நேரத்தில் பெரிய பொருள் இல்லை.

என் ஆசை வேறொன்றாக இருந்தது. வட்டு ஏறும் வரை உதவும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் நேராகப் பூட் ஆக வேண்டும். அதற்காக என்.வி.எம்.இ. வட்டு டிரைவர், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, ஐ915 திரை டிரைவர் ஆகியவற்றை மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்தேன். ரூட் பகுதியைக் கோப்பு முறைமையின் அடையாள எண்ணான யு.யு.ஐ.டி.-யால் தேடும் வேலை இனிட்ராம்எஃப்எஸ் செய்வது; அது இல்லாதபோது கெர்னலுக்கு அந்த எண் புரியாது, பகிர்வின் அடையாளமான பார்ட்-யு.யு.ஐ.டி. புரியும். அதைக் கொடுத்ததும் கணினி வேகமாக எழுந்தது. திரை, வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்தன.

ஆனால் டர்போஸ்டாட்டில் பிசி8 பூஜ்யம். செயலி பிசி3-க்குக் கீழே இறங்கவே இல்லை, மின்செலவு ஆறு வாட்டைத் தாண்டியது. திரையில் ஒரு குறையும் தெரியாததால் இதை அளக்காமல் விட்டிருந்தால் மாதக்கணக்கில் தெரியாமலேயே போயிருக்கும். கெர்னலின் செய்திகள் சேரும் 'டிமெசேஜ்' பதிவில் ஐ915 எழுதிய ஒரு வரி கிடந்தது: டி.எம்.சி. ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, ஓடும்போதான மின்மேலாண்மையை நிறுத்துகிறேன். திரைப் பகுதியை ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்பி, எழுந்ததும் பழைய நிலையை மீட்டுத் தருவது இந்தச் சிறிய ஃபர்ம்வேரின், அதாவது சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரலின், வேலை. அது இல்லாமல் டிரைவர் துணிய மாட்டேன் என்கிறது, அது சரியும்கூட. கெர்னலுக்குள் கட்டிய டிரைவர் வட்டு ஏறும் முன்பே ஓடத் தொடங்குகிறது. ஃபர்ம்வேர் கோப்போ இன்னும் ஏறாத வட்டில் இருக்கிறது.

வழி இரண்டு. டிரைவரை மாட்யூலாக மாற்றி வட்டு ஏறிய பின் ஏற்றலாம், அல்லது ஃபர்ம்வேர் கோப்பையே கெர்னலுக்குள் வைத்துக் கட்டலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்' என்ற விருப்பத்தில் கேபி லேக் தலைமுறைக்கான டி.எம்.சி. கோப்பின் பெயரைக் கொடுத்தேன். செயலிக்குள் ஏறும் திருத்த நிரலான மைக்ரோகோடும் இதே சிக்கலில் மாட்டும் என்பதால் அதையும் சேர்த்தேன். இந்தச் செயலிக்கான கோப்பின் பெயர் 06-8இ-0ஏ. வைஃபை டிரைவரை மட்டும் மாட்யூலாகவே விட்டேன், அது சற்றுத் தாமதமாக வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. மறுபடி கட்டிப் பூட் செய்ததும் பிசி8 திரும்பி வந்தது.

இதன் பிறகுதான் டிரைவரை நீக்கினால் மின்சாரம் மிச்சம் என்ற பேச்சைத் தெரிந்தே சோதித்துப் பார்க்க நினைத்தேன். எஸ்.டி. கார்டு ரீடரை நான் பயன்படுத்துவதே இல்லை. அதன் டிரைவரை மட்டும் நீக்கி இன்னொரு கெர்னல் கட்டினேன். மறுபடியும் பிசி3. சாதனப் பட்டியலை விரிவாகக் கேட்டபோது, ரீடருக்கு நேரே டிரைவர் இல்லை, இணைப்பைத் தூங்க வைக்கும் ஏ.எஸ்.பி.எம். முடக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. டிரைவர் பிடிக்காத பி.சி.ஐ. சாதனத்தைக் கெர்னல் முழு மின்சார நிலையான டி0-விலேயே விட்டுவிடும். கார்டே செருகாத ஒரு காலித் துளை, நான்கு கோர் கொண்ட செயலியின் தூக்கத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. டிரைவரைத் திரும்பச் சேர்த்ததும் அதுவே இணைப்பில் எல்1 என்ற தூக்க நிலையை இயக்கியது, செயலி மீண்டும் ஆழத்துக்குப் போனது. ஒரு சாதனம் உண்மையிலேயே வேண்டாம் என்றால் பயாஸ் அமைப்பில் அதை அணைப்பதே சரி.

ஏ.எஸ்.பி.எம்.-ஐ எல்லாச் சாதனங்களுக்கும் வலுக்கட்டாயமாகத் திணிக்கும் பூட் விருப்பம் ஒன்று உண்டு. அதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. தாங்காத சாதனம் இருந்தால் கணினி உறைந்து நிற்கும், அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பும் போகும்.

அடுத்து சஸ்பெண்ட், அதாவது மூடியதும் கணினி முழுவதும் தூங்குவது. 'மெம்-ஸ்லீப்' கோப்பு இரண்டு வழிகளைக் காட்டியது: கெர்னலே எல்லாவற்றையும் சும்மா இருக்க வைக்கும் 'எஸ்2ஐடில்', கணினியின் சொந்த ஃபர்ம்வேரான பயாஸின் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்து நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தரும் 'டீப்', அதாவது எஸ்3. இரண்டாவதில் மூடி வைத்த கணினி இரவு முழுவதும் மிகக் குறைவாகவே பேட்டரியைத் தின்னும். அதைத் தேர்ந்து மூடினேன். திறந்தபோது தூக்கத்திலிருந்து எழவில்லை. முதலிலிருந்து புதிதாகப் பூட் ஆனது. திறந்து வைத்திருந்த எல்லாமே போயிற்று. முந்தைய பூட்டின் பதிவில் கடைசி வரி, 'டீப்' சஸ்பெண்டுக்குள் நுழைகிறேன் என்பது. அதற்குப் பின் ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே கெர்னலில் 'பி.எம்.-டெஸ்ட்' என்ற வசதி இருக்கிறது. பிழைதிருத்த ஆதரவை இயக்கிக் கட்டினால் கிடைக்கும். சஸ்பெண்டைப் பாதியில் நிறுத்தி, ஐந்து வினாடி பொறுத்து, திரும்ப எழுப்பும். புரோகிராம்களை உறைய வைப்பது, சாதனங்களை நிறுத்துவது, ஏ.சி.பி.ஐ. ஏற்பாடு, மற்ற கோர்களை அணைப்பது, கடைசியாக அடிப்படைப் பகுதிகள் என்று படிப்படியாகச் சோதிக்கலாம். எல்லாப் படியிலும் என் கணினி நன்றாக எழுந்தது. அப்படியானால் கெர்னல் சாதனங்களை நிறுத்துவதிலோ எழுப்புவதிலோ கோளாறு இல்லை. எஸ்3-க்குள் போன பின், எழும்போது ஃபர்ம்வேருக்கு ஏதோ பிடிக்காமல் போகிறது. எந்தச் சாதனத்தில் நின்றது என்பதைக் கணினியின் கடிகாரத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் 'பி.எம்.-டிரேஸ்' முறையும் உண்டு. அதில் தேதி கலைந்துவிடும். ஃபர்ம்வேர் சிக்கலுக்கு உதவவும் செய்யாது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

டெபியன் கெர்னலில் எஸ்3 சரியாக வேலை செய்கிறது, என் கெர்னலில் இல்லை. இரண்டு அமைப்புக் கோப்புகளையும் மூலநிரலோடு வரும் 'டிஃப்கான்ஃபிக்' கொண்டு ஒப்பிட்டேன். வித்தியாசம் பக்கம் பக்கமாக வந்தது. முன்பு சேமித்த பட்டியலை வைத்துக்கொண்டு, இந்தக் கணினியில் உண்மையில் இருக்கும் சாதனங்களுக்கான வரிகளை மட்டும் பிரித்தேன். அவற்றில் பாதியைத் திரும்பச் சேர்த்துக் கட்டுவது, எழுகிறதா என்று பார்ப்பது, எந்தப் பாதி என்று தெரிந்ததும் அதையும் பாதியாக்குவது. மூடியைத் திறந்து மூடிக் கை ஓயாமல் இருக்க 'ஆர்.டி.சி.வேக்' கட்டளை உதவியது. தூங்க வைத்து, முப்பது வினாடியில் தானே எழுப்பும்.

கடைசியில் மிஞ்சியது டி.பி.எம். பாதுகாப்புச் சிப்பின் டிரைவர். வட்டை அதன் சாவியால் பூட்டாததால் அது வேண்டாம் என்று விட்டிருந்தேன். டி.பி.எம். 2.0 முறைப்படி, எஸ்3-க்குள் போகும் முன் 'உன் நிலையைச் சேமித்துக்கொண்டு நிறுத்து' என்று இயங்குதளம் அந்தச் சிப்புக்குச் சொல்ல வேண்டும். சொல்வது டிரைவர்தான். சொல்லாமல் தூங்கினால், எழும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கு என்று ஃபர்ம்வேர் கேட்பதைச் சிப் ஏற்காது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அந்தந்தக் கணினியின் ஃபர்ம்வேரைப் பொறுத்தது. இந்தக் கணினியில் அது எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டது. டிரைவரைச் சேர்த்ததும் சஸ்பெண்ட் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு பழைய மாற்றம் இருக்கிறது. 1992-இல் வந்த ஏ.பி.எம். முறையில் மின்சிக்கன முடிவுகளைப் பெரும்பாலும் பயாஸே எடுத்தது. 1996 இறுதியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. அந்தப் பொறுப்பை இயங்குதளத்தின் கையில் கொடுத்தது. எந்தச் சாதனம் எப்போது தூங்கலாம் என்று முடிவெடுக்க இயங்குதளத்துக்கு அந்தச் சாதனத்தைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருப்பது என்றால் டிரைவர் இருப்பது. மின்மேலாண்மையை ஒரு பட்டியாகவும் வன்பொருள் ஆதரவை வேறொரு பட்டியாகவும் மெனுகான்ஃபிக் காட்டினாலும், இரண்டும் ஒரே வேலை என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

பேட்டரிக்காக மட்டும் கெர்னல் கட்ட நினைப்பவர்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முடிவில் என் கெர்னல் எடுப்பதும் அதே நான்கு வாட்தான். பூட் நேரம் குறைந்தது, என் கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இவை எனக்குப் பெரிய லாபம். மின்செலவைக் குறைக்க வேண்டுமென்றால், கெர்னலைத் தொடாமலே பவர்டாப் காட்டும் அமைப்புகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இயக்கினால் யு.எஸ்.பி. மவுஸ் இரண்டு வினாடி அசையாமல் இருந்ததும் தூங்கிவிடும். அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

புதிய கெர்னலுக்கு மாறும்போது 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' கொடுத்து, புதிதாக வந்த விருப்பங்களை முதலில் படிக்கிறேன். 6.6-க்கு மாறியபோதும் அப்படித்தான் செய்தேன். கட்டி முடித்ததும் சாதனப் பட்டியலைப் பழையதோடு ஒப்பிடுவேன். டிரைவர் பிடிக்காத வரி ஏதும் இல்லை, டிமெசேஜில் ஃபர்ம்வேர் குறித்த புகார் இல்லை, டர்போஸ்டாட்டில் பிசி8 தெரிகிறது என்று உறுதியான பிறகே பழைய கெர்னலை நீக்குகிறேன்.