தேய்பிறை அஷ்டமிக்குத் தகடூர்

அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கேற்ற வருகிறவர்களில் பாதிப் பேர், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி தர்மபுரியில் இருக்கும் கோட்டைக் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. கோட்டைக் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள்.

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற அந்தக் கோட்டையைத் தேடாதீர்கள், பெயர்தான் மிச்சம். அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பைக்குத்தான் போக வேண்டும். 1981இல் அங்கேதான் கல்வெட்டு கிடைத்தது.

கோட்டை மல்லிகார்ஜுனர் கோயில் நுளம்பர் என்ற அரச மரபினர் காலத்தது. தரையைத் தொடாத தொங்கும் தூண் இங்கேதான். அடியில் மெல்லிய துணியை நுழைத்து இழுத்தாலே தெரியும். குச்சி விட்டு நெம்ப வேண்டாம். பக்கத்தில் காமாட்சியம்மன் சன்னிதியில் படியேறும் அவசரத்தில் பலர் தவறவிடுவது அடித்தளத்து ராமாயணச் சிற்பங்களை. எல்லாம் சின்னச் சின்னவை. குனிந்து, காலைச் சாய்வெயிலில் பார்த்தால்தான் உருவம் பிரியும்.

இனி பூசணி. சாம்பல் நன்றாகப் பூத்த முற்றிய காய், ஒன்றரை கிலோவுக்குள் போதும். பிஞ்சில் நீர் அதிகம், விளக்கு நிற்காது. குறுக்கே வெட்டுங்கள், நீளவாக்கில் வெட்டினால் உருளும். விதையும் குடலும் வழித்து, ஒரு விரல் கனம் சதை விட்டு, உட்புறத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். இதைச் செய்யாததால்தான் பல விளக்குகள் படபடவென்று வெடித்து அணைகின்றன: எண்ணெய்க்கு அடியில் தண்ணீர். தடித்த திரியை நல்லெண்ணெயில் ஊறவைத்தே கொண்டுவாருங்கள். அடிப்பக்கத் தோலை லேசாகச் சீவினால் ஆடாது. கூட்டத்தில் முந்தானை பத்திரம்.

அதியமான்கோட்டையிலேயே சென்றாயப் பெருமாள் கோயிலில் விதானத்து ஓவியங்கள் உண்டு. ஃபிளாஷ் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு ராகி களியும் கீரைக் கடைசலும். நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, நடுவில் கோலால் குழித்து, கிண்டாமல் வேகவிட்டுப் பிறகு கிண்டுவார்கள். அவசரப்பட்டால் மாவு கட்டிதட்டி, உள்ளே பச்சையாக இருக்கும். உருண்டையில் கிள்ளி, கடைசலில் புரட்டி விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும்.