மத்திய அரசின் மெரிட் ஸ்காலர்ஷிப்: விண்ணப்பித்ததில் இருந்து பணம் வந்தது வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது 2024 மே 6ஆம் தேதி. 600க்கு 561. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், ஆனால் அன்று ராத்திரியே அப்பாவும் அம்மாவும் சீட்டுப் பணத்தை இந்த மாதமே எடுத்துவிடலாமா என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். எனக்கு பி.எஸ்சி. கணிதம் கிடைத்தது சுயநிதிப் பிரிவில், செமஸ்டருக்கு 14,500 ரூபாய். நல்ல மார்க் எடுத்தால் ஸ்காலர்ஷிப் வரும் என்று பள்ளியில் எல்லா டீச்சரும் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஸ்காலர்ஷிப், எங்கே போடுவது, எப்போது போடுவது என்று யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப்போல வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போகிற யாருக்காவது உதவும்.

முதலில் எனக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதிலேயே இரண்டு வாரம் போனது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எனக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கென்று 2022இல் தொடங்கி, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். நான் உதவி பெறும் பள்ளிதான், ஆனால் ஆங்கில வழி. அடுத்து இன்ஸ்பயர் என்கிற மத்திய அரசு ஸ்காலர்ஷிப். அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு வருடத்துக்கு 80,000 ரூபாய் என்றதும் மனசு துள்ளியது, ஆனால் அதற்கு நம் போர்டில் முதல் 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், நான் இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன்.

அப்புறம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சொன்னதுதான் மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான உதவித்தொகை. இப்போது பி.எம். யுஎஸ்பி என்ற பெயருக்குள் வருகிறது. நம் போர்டில், பிளஸ் டூவில் நாம் படித்த பிரிவில் (அறிவியல், வணிகம், கலை) 80ஆவது பர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். பர்சன்டைல் என்றதும் 80 விழுக்காடு மார்க் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பிரிவில் பிளஸ் டூ எழுதியவர்களை மார்க் வரிசையில் நிறுத்தினால் மேலே இருக்கிற 20 விழுக்காட்டுக்குள் நாம் வர வேண்டும், அதுதான் கணக்கு. குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ரெகுலர் டிகிரியாக இருக்க வேண்டும், தொலைதூரக் கல்வி, டிப்ளமோ என்றால் கிடையாது, வேறு ஸ்காலர்ஷிப்போ கட்டணச் சலுகையோ வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. வருடத்துக்கு நாடு முழுவதும் 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள், அதில் பாதி பெண்களுக்கு. மாநிலங்களுக்கு 18 முதல் 25 வயது வரையிலான மக்கள்தொகையை வைத்துப் பிரித்து, அதற்குள் அறிவியல், வணிகம், கலை என்று 3:2:1 விகிதத்தில் ஒதுக்குகிறார்கள். டிகிரியின் மூன்று வருடமும் ஆண்டுக்கு 12,000, பி.ஜி. போனால் ஆண்டுக்கு 20,000. எங்கள் வீட்டில் 12,000 என்பது ஒரு செமஸ்டர் ஃபீஸில் பெரும்பகுதி.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். எல்லாம் தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல் வழியாகத்தான். நான் போட்ட 2024-25இல்தான் ஒருமுறைப் பதிவு, அதாவது ஓடிஆர் வந்தது. ஆதார் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, போனில் அதற்கான ஆப்பையும் ஆதார் ஃபேஸ் ஆப்பையும் இறக்கி, முகத்தைக் காட்டினால் 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். படிக்கிற காலம் முழுவதும் அந்த ஒரே எண்தான், பத்திரமாக எழுதி வையுங்கள். முகம் காட்டுகிற இடத்தில் எனக்கு ஏழெட்டு முறை தோற்றது. கண்ணைச் சிமிட்டு என்று வரும், சிமிட்டுவேன், சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடும். ராத்திரி டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு செய்ததுதான் காரணம், கண்ணுக்கடியில் நிழல் விழுந்தது. மறுநாள் காலை வாசலில், வெளிச்சத்தைப் பார்த்து நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்து அசையாமல் பிடிக்கச் சொன்னேன். ஒரே தடவையில் ஆகிவிட்டது.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு பெரிய வேலை இருந்தது, பெயர். மதிப்பெண் சான்றிதழில் என் பெயர், அதன் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக. போதாததற்கு என் பெயரின் நடுவில் ஆங்கில ஹெச் ஒன்று ஆதாரில் விட்டுப்போயிருந்தது. ஒரே எழுத்துதானே என்று விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். நான் விடவில்லை, ஏனென்றால் ஓடிஆரில் பெயர் ஆதாரில் இருப்பதுபோலத்தான் விழும், அதையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒருவர் எங்கேயோ உட்கார்ந்திருப்பார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றை எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போனேன். அப்போது 50 ரூபாய் கட்டணம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் கம்ப்யூட்டரில் அவர்கள் அடிப்பதைத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்த பிறகு சரி என்று சொல்லுங்கள். எனக்கு மாறி வர பன்னிரண்டு நாள் ஆனது. இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்திருக்கலாம்.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில். 60 ரூபாய். முதலில் கேன் நம்பர், அதாவது இ-சேவையில் நமக்கான பதிவு எண் போடுவார்கள், அப்புறம் விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை மாறும். யாரும் காசு கேட்கவில்லை, ஆனால் எங்கே நிற்கிறது என்று நாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னுடையது வி.ஏ.ஓ.விடமே ஆறு நாள் நின்றது, நேரில் போய்ச் சொன்னதும் அன்றைக்கே அனுப்பினார். அந்தச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் போன வருடம் வாங்கியதை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

போர்ட்டலில் நிரப்புவது ஒரு மணி நேர வேலை. காலேஜைத் தேடும்போது ஒரே மாதிரி பெயரில் நாலைந்து வரும், ஆகவே காலேஜ் அலுவலகத்தில் ஐஷே கோடு (ஒவ்வொரு காலேஜுக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்டுக்கொண்டு வந்து போடுவது நல்லது. நிரப்பி, இறுதியாகச் சமர்ப்பித்துவிட்டால் நாமாக எதையும் மாற்ற முடியாது. பிரிண்ட் எடுத்து, மதிப்பெண் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் சேர்த்து காலேஜ் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் வாங்கிக்கொண்டே, "போன வருஷம் போட்டவங்களுக்கே இன்னும் வரலம்மா, எதுக்கு இவ்வளவு அலையுற?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டு எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். என்னோடு வந்த தோழி அன்றைக்கே விட்டுவிட்டாள். அவள் 574.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். சமர்ப்பித்துவிட்டோம், இனி பணம் வரும் என்று நான் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அக்டோபரில் ஏதோ தோன்றி உள்ளே போய்ப் பார்த்தால் விண்ணப்பம் குறையுள்ளது என்று என்னிடமே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. காலேஜில் சரிபார்த்தவர் குறித்திருந்தது ஒரே வரி: வருமானம் பொருந்தவில்லை. நான் 96,000 என்று அடித்திருக்கிறேன், சான்றிதழில் 84,000. வீட்டில் பேசிக்கொண்ட தொகை மனசில் இருந்ததால் சான்றிதழைப் பார்க்காமலே அடித்துவிட்டேன். திருப்பி அனுப்பியதாக மெசேஜும் வந்திருக்கிறது, ஆனால் பதிவில் கொடுத்திருந்தது அப்பா நம்பர், அவர் வண்டியில் இருக்கும்போது வருகிற மெசேஜ்களில் எதைத்தான் பார்ப்பார். திருத்த ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. மாணவர் விண்ணப்பிக்க ஒரு கடைசித் தேதி, காலேஜ் சரிபார்க்க ஒரு கடைசித் தேதி, அதற்கு மேல் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தேதி என்று தனித்தனியாக உண்டு. காலேஜ் தங்கள் தேதிக்குள் சரிபார்க்காவிட்டால் நாம் எவ்வளவு சரியாக நிரப்பியிருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், "சார், திருத்திட்டேன், கொஞ்சம் பார்த்துடுங்க சார்" என்றேன். நாளைக்கு வா என்றார், போனேன். மூன்றாவது நாள் எனக்கு எதிரிலேயே லாகின் செய்து சரிபார்த்துக் கொடுத்தார். அதே அலுவலகம், அதே ஆள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிலையைப் பார்ப்பேன். காலேஜ் முடிந்து, மாநில அளவில் இரண்டாவது சரிபார்ப்பு முடிந்து, மெரிட் பட்டியலில் தேர்வானேன் என்று தெரிந்தபோது ஜனவரி ஆகிவிட்டது.

இன்னும் ஒரு தடை பாக்கி இருந்தது. பணம் நாம் கொடுக்கிற பாஸ்புக்கைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எந்த வங்கியோடு சீட் ஆகியிருக்கிறதோ, அதாவது அரசுப் பணம் வருவதற்காக இணைக்கப்பட்டிருக்கிறதோ, அங்கேதான் போகும். ஆதாரை எத்தனை கணக்கில் வேண்டுமானாலும் இணைத்திருக்கலாம், ஆனால் அரசுப் பணம் வருவதற்கான இணைப்பு ஒரே ஒரு வங்கியோடுதான் இருக்கும், கடைசியாக எதைச் சீட் செய்தோமோ அது. ஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலை என்று ஒரு பகுதி உண்டு, அங்கே பார்த்தால், எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த கணக்குள்ள வங்கியின் பெயர் வருகிறது. நாலு வருடமாக யாரும் தொடாத கணக்கு, முடங்கிக் கிடக்கிறது. இப்போது நான் பயன்படுத்துகிற வங்கிக்குப் போய், "ஆதார் லிங்க் பண்ணணும்" என்றால் ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கிறதே என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை போனபோது, "டிபிடி வரணும், என்பிசிஐ சீடிங் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டேன். டிபிடி என்றால் அரசுப் பணம் நேராக நம் கணக்குக்கு வருவது, என்பிசிஐ சீடிங் என்றால் அதற்காக ஆதாரை ஒரு வங்கியோடு இணைப்பது. உடனே ஒரு படிவம் கொடுத்தார்கள், மூன்று நாளில் மாறியது. அந்த இரண்டு வார்த்தையும் தெரியாததால் ஒரு வாரம் போனது எனக்கு.

ஏப்ரல் மாதம் ஒரு மதியம், கால்குலஸ் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது மெசேஜ் வந்தது, 12,000 வரவு. வராந்தாவிலேயே நின்று அப்பாவுக்கு போன் செய்தேன். வண்டி சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, எவ்வளவு எவ்வளவு என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன்.

ஒரு முறை கிடைத்தால் மூன்று வருடமும் தானாக வராது, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். 50 விழுக்காடு மார்க்கும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். மார்க் பிரச்சினை இல்லை, வருகையைப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்து 71 விழுக்காட்டில் நின்றுவிட்டது, புதுப்பிக்க முடியவில்லை.

இரண்டாம் வருடத்துக்குப் புதுப்பிக்கும்போது பதிவில் என் நம்பரை மாற்றினேன், வருமானத்தைச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்து அடித்தேன், பிரிண்ட்டை மூன்றாம் நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தோழியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன், அவள் தங்கைக்கு அந்த வருடம்தான் முதல் வருடம். அலுவலகத்தில் இருந்தவர் இரண்டு பிரிண்ட்டையும் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கையின் வருமானச் சான்று தேதியைப் பார்த்தார். "இது போன வருஷத்துது, மாத்திட்டு வாம்மா, நான் எடுத்து வைக்கிறேன்" என்றார். அன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.