கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து டெட் எழுதுகிறவர்களுக்கு

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகள். அதில் 30 கேள்விகள் 'குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்' பகுதியில் வரும். மற்ற பாடங்களுக்குக் கணக்குப் போட்டு, பயிற்சி எடுத்துப் படிக்கிற தங்கைகள் இதை மட்டும் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் என்று உளவியலாளர்களின் பெயர்களாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்த பிறகும் தினமும் வகுப்பில் தேவைப்படப் போவது இந்தப் பகுதிதான்.

நம் பக்கத்து வகுப்பறையே இதற்கு நல்ல பாடநூல். பணியர், காட்டுநாயக்கர் என்கிற பழங்குடிகளின் பிள்ளைகள், வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளை, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயன் வீடுகளில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளை, எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். சிவப்பு எது என்று கேட்டால் ஒரு பிள்ளை பேசாமல் இருக்கும். அதே பிள்ளையிடம் மணிகளைக் கொட்டிக் கொடுத்தால் நிறம் நிறமாகப் பிரித்து வைத்துவிடும். அதற்கு நிறம் தெரியவில்லையா, இல்லை தமிழில் சொல்லத்தான் வரவில்லையா? இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் சூழல் சொல்லிக் கேட்கிற கேள்விகளில் பாதி எளிதாகிவிடும். பக்கத்தில் இருக்கிற தோழி அதன் வீட்டு மொழியில் ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பிள்ளை பதில் சொல்கிறது பாருங்கள், வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம் அதுதான். தனியாக முடியாததைத் துணையோடு செய்கிற எல்லை.

நான் படித்தபோது நோட்டின் இடது பக்கத்தில் கோட்பாட்டையும் வலது பக்கத்தில் அது எந்தப் பிள்ளையிடம் தெரிந்தது என்பதையும் எழுதினேன். இன்னும் வேலைக்குப் போகாதவர்கள் பக்கத்து அங்கன்வாடியில் டீச்சரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்து கவனிக்கலாம்.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரை. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும், பயமில்லாமல் பிள்ளை படிக்க வேண்டும் என்பது அதன் 29-ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது; 1995 சட்டத்தில் 7 தான் இருந்தன.

அப்புறம், கைடுகளில் அதிகம் இல்லாத ஒரு விஷயம். பிள்ளைகளுக்குப் பாகுபாடு எப்போது வருகிறது? அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் தம்பதி 1940-களில் கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்பு பொம்மையும் வெள்ளை பொம்மையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பலர் வெள்ளை பொம்மையைக் காட்டினார்கள். 3 வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 1989-இல் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பாகுபாட்டுக்கு எதிரான பாலர் கல்வி என்ற முறையை எழுதி வெளியிட்டார்கள். பிற்பாடு அதற்கு நான்கு இலக்குகள் வகுக்கப்பட்டன: தன்னைப் பற்றிய நிமிர்வு, வேறுபாட்டோடு இயல்பாகப் பழகுவது, அநியாயத்தை அடையாளம் காண்பது, அதை எதிர்த்துப் பேசுவது.

நம் வகுப்பில் இதற்கு நிறைய வேலை இருக்கிறது. வெளிர் ரோஸ் கிரையானுக்கு 'ஸ்கின் கலர்' என்று பெயர். பழங்குடிப் பிள்ளை தன் அம்மாவை அந்தக் கலரில் தீட்டுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்காது. பழுப்பிலேயே பல வகை எடுத்து வைத்து, கையோடு கையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். குடும்பப் படத்தில் அப்பா பேப்பர் படிக்கிறார், அம்மா சமைக்கிறார். இங்கே அம்மா கொழுந்து பறிக்கப் போகிறாரே! அந்தப் படத்தையும் ஒட்டுங்கள். வகுப்பைக் கூட்டுவது, தண்ணீர் எடுப்பது எப்போதும் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் மேல் விழுகிறதா என்று கவனியுங்கள். யாராவது "நீ அந்தக் காலனியா" என்று கேட்டால் கேட்காத மாதிரி நகர்ந்துவிடாதீர்கள். ஆசிரியர் பேசாமல் இருந்தால் அது சரி என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிப் பழகியவருக்கு விடைத் தேர்வும் தெளிவாகும். பிள்ளையைத் தனியே உட்கார வைப்பது, மற்றவர்கள் முன்னால் ஒப்பிட்டுப் பேசுவது, 'இவனுக்கு வராது' என்று வேறு பள்ளிக்கு அனுப்புவது என்று வருகிற விடைகளை முதலில் அடித்துவிடுங்கள். மீதி இருப்பதில் பிள்ளைக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றுகிற விடை எது என்று பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரு கேள்வியையும் விடாமல் எழுதுங்கள்.