இணைப்பைத் துண்டித்த பிறகு பேசும் பேச்சு

வானொலி விளையாட்டு நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைக்கும் நேயரின் பேச்சைத் தொகுப்பாளர் பாதியில் நிறுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். நேரம் குறைவு, காத்திருப்போர் பலர், சொன்னதையே சொல்பவர்களும் உண்டு. என்னை வருத்துவது அதற்கு அடுத்த நொடி: இணைப்பைத் துண்டித்துவிட்டு, பதில் சொல்ல முடியாத அந்த மனிதரைப் பற்றித் தொகுப்பாளர் பேசத் தொடங்குவது.

நாள் முழுவதும் விளையாட்டை மட்டுமே பேசும் வானொலி நியூயார்க்கில் 1987 ஜூலை 1 அன்று டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற பெயரில் தொடங்கியது. 1989 முதல் 2008 வரை அதில் மைக் ஃபிரான்செசாவும் கிறிஸ் ருஸ்ஸோவும் நடத்திய நிகழ்ச்சியில் நேயருடன் நடக்கும் வாக்குவாதமே பெரிய ஈர்ப்பாக இருந்தது. ஜிம் ரோம் என்ற இன்னொரு தொகுப்பாளர் சலிப்பூட்டும் அழைப்பை ஒலி எழுப்பித் துண்டிப்பார்; ஆனால் ஒருவரையொருவர் சீண்டிப் பேசும் போட்டியையே நேயர்களுக்காக ஆண்டுதோறும் நடத்தும் நிகழ்ச்சி அது. அழைப்பவர் விதி தெரிந்துதான் களத்தில் இறங்குகிறார்.

தமிழில் அத்தகைய தனி வானொலி இல்லை. ஐ.பி.எல். பருவத்தில் சில பண்பலை நிகழ்ச்சிகளும் யூடியூப் நேரலைகளும் அழைப்புகளை ஏற்கின்றன. சேலம் சிவதாபுரத்தில் நண்பரின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் அப்படி ஒரு நிகழ்ச்சியைக் கேட்டேன். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து அழைத்த ஒருவர், ஈரப்பதம் மிகுந்த இரவில் பந்து வழுக்கும்போது யார்க்கர் (மட்டையாளரின் காலடியில் விழும் பந்து) வீசுவது ஏன் கடினம் என்று, சற்றுத் திக்கினாலும் மிகச் சரியாக, விளக்கிக்கொண்டிருந்தார். "சரிங்ணா, நீங்களே போய்ப் போட்டுட்டு வாங்க" என்று தொகுப்பாளர் இணைப்பைத் துண்டித்தார். பிறகு அந்த நேயர் இழுத்துப் பேசிய விதத்தை நடித்துக் காட்டிச் சிரித்தார்.

பட்டறையில் எவரும் சிரிக்கவில்லை. பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவர், "அவர் சொன்னது சரிதானுங்க" என்றார். பட்டறையில் இருந்தவர்களின் பேச்சும் அதே இழுவைதான். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய, யார்க்கருக்குப் பெயர்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்திய அணிக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான மாவட்டம் இது. இங்கே யார்க்கரைப் பற்றிப் பேசுபவர், பல ஆண்டுகள் கரடுமுரடான மைதானங்களில் அதை வீசியவராகவோ எதிர்கொண்டவராகவோ இருக்கக்கூடும். இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அது வெளிவந்திருக்கும். நிகழ்ச்சிக்கும் அதைவிட நல்ல சரக்கு கிடைத்திருக்காது.

கேட்பவர்களில் மிகச் சிலரே அழைக்கிறார்கள். ஆகவே ஒரு நேயரை நடத்தும் விதம், அழைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் சொல்லப்படும் பதிலாகிறது. அந்தப் பெரியவரிடம் நீங்களும் அழைத்துப் பேசலாமே என்றபோது, "நமக்கு எதுக்குங்க" என்று மறுத்துவிட்டார்.

அழைப்பவர்கள் தகாத சொல் பேசிவிடுவார்கள், அதனால்தான் கடுமை என்று சில தொகுப்பாளர்கள் காரணம் சொல்வதுண்டு. அதற்கெனவே வானொலிகளில் சில நொடிகள் தாமதித்து ஒலிபரப்பும் ஏற்பாடு இருக்கிறது. முன்கூட்டியே பேசிப் பார்த்து இணைக்கும் உதவியாளரும் இருக்கிறார். யார்க்கரைப் பற்றிப் பேசியவரோ தகாத சொல் எதையும் சொல்லவில்லை. அவர் கருத்து தவறென்று தோன்றியிருந்தால், அவர் இணைப்பில் இருக்கும்போதே அதை மறுத்திருக்கலாம்.