அமெரிக்க ரெசிடென்சி: ஜூலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் அமெரிக்காவில் சேர விரும்பும் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி, பெரும்பாலும் ஜூலை 1 வாக்கில் தொடங்கும். அதற்கான விண்ணப்பங்களை, பயிற்சி தரும் மருத்துவமனைகளின் ‘புரோகிராம்கள்’ பார்க்கத் தொடங்குவது முந்தைய செப்டம்பர் கடைசியில். அந்த நாளில் உங்கள் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும். நன்றாகப் படிப்பவர்கள்கூட ஒரு வருடத்தைக் கோட்டைவிடுவது இந்தத் தேதிக் கணக்கில்தான்.

முதல் வேலை, உலக மருத்துவக் கல்லூரிகள் பட்டியலில் உங்கள் கல்லூரியைத் தேடி, ஈசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குத் தகுதிச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு) தகுதிக் குறிப்பு உங்கள் பட்ட ஆண்டையும் உள்ளடக்குகிறதா என்று பார்ப்பது. அடுத்து பெயர். சான்றிதழில் இனிஷியல், கடவுச்சீட்டில் முழுப்பெயர் என்றிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். தேர்வு அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள்.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரி கடைசியிலிருந்து வெறும் பாஸ்/ஃபெயில். அதனால் மதிப்பெண் வரும் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே மீதுதான் எல்லாப் பார்வையும். ஒருமுறை பாஸ் ஆனால் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுத முடியாது. தோற்றால் அது பதிவில் நிற்கும். தயாராகவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், கட்டணம் போனாலும் பரவாயில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் ஆண்டின் ஜூலையைத் தாண்ட வேண்டாம்: முடிவு வர நான்கு வாரம் வரை ஆகும். இரண்டு தேர்வுகளையும் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மருத்துவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி மெடிசினில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுதலில் 300, எல்லாம் ஒரே அமர்வில் வேண்டும். அது மட்டும் போதாது. மருத்துவத் திறனைக் காட்டும் ‘பாத்வேஸ்’ விண்ணப்பம் தனி. கல்லூரி அலுவலகம் பதில் அனுப்பினால்தான் பட்டச் சரிபார்ப்பும் நகரும்.

பலரும் கடைசிக்கு விடும் விஷயம் பரிந்துரைக் கடிதம். ஒரு புரோகிராமுக்கு நான்கு வரை அனுப்பலாம். கடிதத்தை எழுதியவரேதான், விண்ணப்பங்கள் போகும் ஈராஸ் தளத்தில் ஏற்ற வேண்டும், நீங்கள் ஏற்ற முடியாது. மருத்துவர்கள் மறந்துபோவார்கள், விடுப்பில் போவார்கள். ஜூனிலேயே கேட்டு, ஆகஸ்டில் நினைவூட்டுங்கள். உங்களோடு நோயாளியைப் பார்த்த அமெரிக்க மருத்துவர் நாலு வரி குறிப்பாக எழுதினால், உங்களை அறியாத பெரிய பேராசிரியரின் இரண்டு பக்கப் புகழ்ச்சியைவிட அது எடை கூடியது. அமெரிக்க மருத்துவமனையில் நேரடியாக நோயாளிகளைப் பார்த்துப் பழகும் எலெக்டிவ் என்பது மாணவராக இருக்கும்போது மட்டுமே. பட்டம் வாங்கிய பின் கிடைப்பது பெரும்பாலும் நோயாளியைத் தொடாமல் நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப். கடைசி வருடத்தில் இருப்பவர்கள் எலெக்டிவ் வாய்ப்பை விடவே கூடாது.

புரோகிராம்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீர்கள், எண்ணிக்கை ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எந்த விசா தருகிறார்கள், பட்டம் பெற்று எத்தனை ஆண்டு வரை ஏற்கிறார்கள் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பார்த்து வடிகட்டுங்கள்.

இன்டர்வியூ முடிந்ததும், புரோகிராம்களை உங்கள் விருப்ப வரிசையில் அடுக்கும் தரவரிசைப் பட்டியல். ‘அவர்கள் என்னை எடுப்பார்களா’ என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதீர்கள். இரு தரப்புப் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் மேட்ச் முறை விண்ணப்பதாரர் விருப்பத்திலிருந்தே தொடங்குகிறது. எட்டாத இடத்தை மேலே வைத்ததால் கீழே உள்ளது கைநழுவாது. மேட்ச் முடிவு கட்டுப்படுத்தும் என்பதால், போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். மார்ச் மூன்றாவது வாரம், திங்களன்று இடம் கிடைத்ததா என்று தெரியும், வெள்ளியன்று எங்கே என்று தெரியும். கிடைக்காதவர்களுக்கு அதே வாரத்தில், நிரம்பாத இடங்களுக்கான சோப் சுற்று, அதில் 45 புரோகிராம் வரை விண்ணப்பிக்கலாம்.

விசாவை முன்பே யோசியுங்கள். வேலை விசாவான எச்-1பி வேண்டுமென்றால், உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3-உம் முடித்திருக்க வேண்டும். பரிமாற்றப் பயிற்சி விசாவான ஜே-1 பரவலாகக் கிடைக்கும், ஆனால் பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும், அல்லது விலக்குப் பெற வேண்டும். அந்த விலக்குக்கான கான்ராட் 30 திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேர் வரை பரிந்துரைக்கலாம். மருத்துவர் குறைவான பகுதியில் மூன்று ஆண்டு வேலை அதற்கு ஈடு. ஜே-1க்கு உங்கள் நாட்டு சுகாதார அமைச்சகத்தின் தேவைக் கடிதம் வேண்டும், அதில் உங்கள் சிறப்புத் துறை சரியாக இருக்க வேண்டும். மேட்ச் வெள்ளிக்கு அடுத்த வேலை நாளே அந்தக் கடிதத்துக்கான மனுவைப் போட்டுவிடுங்கள்.